மூங்கில் மறைப்பு: கழி வளராது, தூர்தான் வளரும்

கேள்வி: எங்கள் தோட்டத்தின் ஒரு பக்க மதில் 18 மீட்டர் நீளம். அதற்கு அந்தப் பக்கம் புதிதாக மாடி எழுப்பியிருக்கிறார்கள். மாடிச் சன்னலில் நின்றால் எங்கள் தோட்டம் முழுவதும் தெரிகிறது. மறைப்புக்காக எட்டு மாதத்துக்கு முன்பு 6 மூங்கில் கன்றுகள் வாங்கி, மதிலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, 3 மீட்டருக்கு ஒன்றாக வைத்தேன். என்ன வகை என்று எழுதித் தரவில்லை. ஒரே வருடத்தில் மாடியை மறைத்துவிடும் என்றுதான் சொன்னார்கள். வாங்கும்போது 2 மீட்டர் இருந்த கழிகள் இன்றைக்கும் அதே 2 மீட்டர். அடியில் மெல்லிய குருத்து இரண்டு மூன்று வந்ததோடு சரி. சில கழிகளின் அடிக்கணுக்கள் நெருக்கமாகப் புடைத்திருக்கின்றன. நுனியைக் கிள்ளிவிட்டால் உயருமா? மூங்கில் வேர் மதிலைப் பிளந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுகிறார். பூத்தால் மொத்தமும் செத்துப்போகும் என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டுமா, பிடுங்கிவிடட்டுமா? எங்கள் பகுதியில் உறைபனி விழுவதில்லை.

பதில்: வணக்கம். நுனியைக் கிள்ள வேண்டாம். கிள்ளிய கழி அதற்குப் பிறகு ஒருநாளும் உயராது. உங்கள் கழிகள் 2 மீட்டரிலேயே நிற்பது நோயாலும் அல்ல, உரக்குறைவாலும் அல்ல. அவை வளர்ந்து முடித்துவிட்டவை. எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினாலும் அதே கழிகள் அதே 2 மீட்டர்தான் இருக்கும்.

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. மரம் வருடா வருடம் பருத்து உயர்வது போல மூங்கில் கழி வளர்வதில்லை. குருத்து மண்ணை விட்டுத் தலைநீட்டும்போது என்ன பருமனோ, அதுதான் அந்தக் கழியின் ஆயுள் முழுவதற்கும் பருமன். எத்தனை கணு என்பதும் குருத்துக்குள்ளேயே முடிவாகியிருக்கும். கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி நீளுவதைத்தான் நாம் வளர்ச்சி என்று பார்க்கிறோம். இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் அந்த நீட்சி முடிந்துவிடும். பிறகு கிளை விடும், இலை விடும், இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் கெட்டிப்படும். உயரம் மட்டும் கூடாது. ஒரு நாளில் 91 செ.மீ. வளர்ந்ததாகப் பதிவு உண்டு, அது உண்மைதான். ஆனால் அந்த வேகமெல்லாம் பல வருடம் வேரூன்றிப் பெருத்த தூரிலிருந்து கிளம்பும் குருத்துக்கு, அதுவும் சில நாளைக்கு மட்டும்தான். பையிலிருந்து எடுத்து வைத்த கன்றுக்கு அதைச் சொல்லி விற்பது தவறு.

அப்படியானால் மறைப்பு எப்படி உயருகிறது? நிற்கும் கழி தன் இலையால் சமைத்த உணவை மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு அனுப்புகிறது. அந்தச் சேமிப்பில்தான் அடுத்த பருவத்துக் குருத்து கிளம்புகிறது. சேமிப்பு கூடக் கூடக் குருத்து தடிக்கும். தடித்த குருத்து உயர்ந்த கழியாகும். நீரும் எருவும் குறைவில்லாமல் கிடைத்தால் ஒவ்வொரு பருவத்துக் கழியும் முந்தியதைவிட ஒன்றேகால், ஒன்றரை மடங்கு உயரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 மீட்டர் கன்று அடுத்த பருவத்தில் 2½ அல்லது 3 மீட்டர் கழி விடும். அதற்கடுத்து 4 மீட்டர். ஆக, நட்டதிலிருந்து மூன்று குருத்துப் பருவம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். வந்த அந்த இரண்டு மூன்று மெல்லிய குருத்து ஏமாற்றமல்ல. இடம் மாறிய கன்று முதல் பருவத்தில் வேர் பிடிக்கத்தான் பாடுபடும்.

முதலில் ஓடுகிறதா, தூர் கட்டுகிறதா என்று பாருங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி உயரத்தைப் பற்றியதல்ல, அடிக்கணுக்கள் நெருக்கமாகப் புடைத்திருக்கின்றன என்ற வரிதான். 

மூங்கிலின் குணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு வகையின் கிழங்கு குட்டையாக, தடித்து, வளைந்து, நுனி மேலே திரும்பித் தானே கழியாகிவிடும். அடுத்த கிழங்கு அதன் விலாவிலிருந்து பிறக்கும். இதனால் கழிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று தூர் கட்டும். வருடத்துக்குச் சில அங்குலம்தான் தூர் அகலும். இன்னொரு வகையின் கிழங்கு விரல் தடிமனில் கயிறு போல மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு. எந்த மொட்டு எப்போது குருத்தாகும் என்று சொல்ல முடியாது. இன்று உங்கள் பாத்தி, நாளை நடைபாதை, நாளை மறுநாள் பக்கத்து வீட்டுத் தோட்டம்.

அடிக்கணு நெருங்கிப் புடைப்பது இரண்டு மூங்கில்களில் பொதுவாகக் காணும் அடையாளம். ஒன்று, ஃபில்லோஸ்டாகிஸ் ஆரியா என்னும் பொன்மூங்கில். இது ஓடும் வகை. பல நாடுகளில் ஆக்கிரமிப்புச் செடி என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். மற்றது, பாம்பூசா வென்ட்ரிகோசா என்னும் புத்தர்வயிறு மூங்கில். இது தூர் கட்டும் வகை, பயமில்லை. கன்றாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றென்று நினைப்பது எளிது.

பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். கிளை விட்டிருக்கும் ஒரு கணுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கணுக்களில் கிளை இருக்காது, அதனால் இடுப்புக்கு மேலே பாருங்கள். அந்தக் கணுவில் எத்தனை கிளை கிளம்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டே கிளை, அதுவும் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து இருந்தால் ஃபில்லோஸ்டாகிஸ். விசிறி போல மூன்று, ஐந்து, பத்து என்று கொத்தாகக் கிளம்பினால் பாம்பூசா. பிறகு கட்டைவிரலை அந்தக் கிளைகளுக்கு நேர் மேலே வைத்துக் கழியோடு மேல்நோக்கித் தடவுங்கள். ஃபில்லோஸ்டாகிஸில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கி அடுத்த கணு வரை வாய்க்கால் போல ஓடும். அடுத்த கணுவில் பள்ளம் எதிர்ப்பக்கம் மாறியிருக்கும். பாம்பூசாவில் கழி உருண்டையாக, வழுவழுவென்று இருக்கும். கிளை இல்லாத பக்கத்தைத் தடவிவிட்டுப் பள்ளம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு கன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்; பெயர் தெரியாமல் விற்கும் இடத்தில் இரண்டு வகை கலந்து வந்திருக்கலாம்.

பள்ளமும் இரட்டைக் கிளையும் இருந்தால்

எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் முடிவான ஆலோசனை. எட்டு மாதத்துக் கன்றை எடுப்பது ஒரு நாள் வேலை. எட்டு வருடத்துத் தோப்பை எடுப்பது வருடக்கணக்கான போராட்டம். முதல்நாள் நன்றாக நீர் பாய்ச்சுங்கள். தண்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் வட்டத்தில் மேல்மண்ணை 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கிளறுங்கள். ஓடும் கிழங்கு பெரும்பாலும் இந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். தந்த நிறத்தில், சில செ.மீ.க்கு ஒரு கணுவோடு, கயிறு போலத் தட்டுப்படும். அறுத்து அறுத்து எடுக்காமல் நுனி வரை மண்ணை விலக்கிக்கொண்டே போய் முழுதாக உருவுங்கள். கணுவும் மொட்டும் உள்ள துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் அது முளைக்கும். அடுத்த இரண்டு குருத்துப் பருவம் அந்த இடத்தைக் கவனியுங்கள். தலைநீட்டுவதை இலை விடுவதற்குள் தரைமட்டத்தில் நறுக்கினால், மிச்சமிருக்கும் கிழங்கு சேமிப்பைச் செலவழித்துத் தீர்த்து மடிந்துவிடும். எடுத்ததை எரு குழியில் போடக் கூடாது. வெயிலில் சருகாகக் காய்ந்தபின் அப்புறப்படுத்துங்கள்.

அந்த மூங்கில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தடுப்பு இல்லாமல் விடக் கூடாது. குறைந்தது 1.5 மி.மீ. தடிமனுள்ள அடர்த்தி மிகுந்த பாலித்தீன் தகடு, 75 செ.மீ. அகலத்தில் வேண்டும். 70 செ.மீ. ஆழத்துக்கு அகழி வெட்டி, 5 செ.மீ. தரைக்கு மேலே தெரியும்படி இறக்க வேண்டும். மேல்விளிம்பு சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், முட்டும் கிழங்கு கீழே போகாமல் மேலே திரும்பும். 18 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பாத்தி என்றால் சுற்றளவு 39 மீட்டர். இரு முனையும் சேரும் இடத்தில் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, உலோகப் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்க வேண்டும். தடுப்பு தோற்பது பெரும்பாலும் இந்த மூட்டில்தான். போட்டதோடு கடமை முடியாது. வருடத்துக்கு இருமுறை விளிம்போரம் நடந்து, தாண்டி எட்டிப்பார்க்கும் கிழங்கை வெட்ட வேண்டும். ஒரு வருடம் மறந்தாலும் அது மறக்காது. சிமென்ட் சுவர் இதற்கு உதவாது. விரிசல் விட்டதும் கிழங்கு வழி கண்டுபிடித்துவிடும்.

தூர் கட்டும் வகைக்கு இந்தத் தகடு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். மெலோகன்னா பாக்சிஃபெரா போன்ற சில மூங்கில்கள் கிழங்கமைப்பில் தூர் வகைதான் என்றாலும், கிழங்கின் கழுத்து நீளமாக இருப்பதால் கழிகள் தள்ளித் தள்ளி எழும்பும். வீட்டு மறைப்புக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு எவ்வளவு உயரம் தேவை

மாடியை மறைக்க மாடி உயரத்துக்கு மூங்கில் வேண்டும் என்று நினைத்துப் பலர் 15 மீட்டர் வளரும் பெருமூங்கிலை வைத்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். மறைக்க வேண்டியது சன்னலை அல்ல, சன்னலிலிருந்து உங்களைப் பார்க்கும் பார்வைக் கோட்டை. உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர். மாடியில் நிற்பவரின் கண் ஏறத்தாழ 4.8 மீட்டர். மூங்கில் வரிசையிலிருந்து உங்கள் இருக்கை 6 மீட்டர், சன்னல் அந்தப் பக்கம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயர வேறுபாடு 3.6 மீட்டர், மொத்தத் தூரம் 10 மீட்டரில் 6 மீட்டரில் வரிசை வருகிறது. 3.6ல் பத்தில் ஆறு பங்கு 2.16. அதோடு 1.2ஐக் கூட்டினால் 3.36 மீட்டர். அவ்வளவுதான் வேண்டியது. இருக்கையை 12 மீட்டருக்குத் தள்ளிப் போட்டாலும் 3.9 மீட்டர் போதும். உங்கள் அளவுகளை இதில் போட்டுப் பாருங்கள். சந்தேகமிருந்தால் 4 மீட்டர் கம்பின் நுனியில் துணி கட்டி, வரிசை வரும் இடத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து சன்னலைப் பாருங்கள். துணி சன்னலை மறைத்தால் கணக்கு சரி.

மழையில் நனைந்த கழி பாரம் தாங்காமல் வளையும். ஆகவே கணக்கில் வந்ததற்கு மேல் அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக 5 முதல் 8 மீட்டர் வளரும் வகை உங்களுக்குச் சரியாக இருக்கும். உறைபனி இல்லாத இடத்தில் என் முதல் தேர்வு பாம்பூசா மல்டிபிளெக்ஸ். வேலி மூங்கில் என்றே இதற்குப் பெயர். கணுவுக்குக் கணு கொத்துக்கொத்தாகக் கிளை விட்டு அடிவரை இலை நிற்கும். மறைப்புக்கு அதுதானே வேண்டும். மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் ‘அல்போன்ஸ் கார்’ இதன் ஒரு வகை. நேராக, நெருக்கமாக, குறைந்த அகலத்தில் நிற்க வேண்டுமென்றால் பாம்பூசா டெக்ஸ்டிலிஸ் ‘கிராசிலிஸ்’ வாங்குங்கள். அதில் அடிப்பகுதி கொஞ்சம் வெறுமையாகத் தெரியும்; உங்களுக்கு மதில் இருப்பதால் அது குறையாகாது. பாம்பூசா ஓல்ட்ஹாமி அழகானதுதான், ஆனால் 15 மீட்டருக்கு மேல் போகும், கழி ஒரு சாண் சுற்றளவைத் தாண்டித் தடிக்கும். 18 மீட்டர் மதிலோரத்துக்கு அது பொருந்தாது. முள்மூங்கில் பக்கமே போகாதீர்கள். வருடா வருடம் உள்ளே கைவிட்டுக் கழிக்க வேண்டிய செடியில் முள் கூடாது. கடும் உறைபனி விழும் இடத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஃபார்கீசியா இனம் உதவும். அதற்குப் புழுக்கமான கோடை ஒத்துவராது.

இடமும் இடைவெளியும்

உங்கள் 40 செ.மீ. போதாது. தூர் முழுதாகக் கட்டும்போது 1.2 மீட்டர் அகலம் வரும். நடுவிலிருந்து 60 செ.மீ. அதற்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகும்படி இன்னொரு 60 செ.மீ. விட வேண்டும். ஆக, மதிலிலிருந்து கன்றின் நடுப்பகுதி வரை 1.2 மீட்டர். அந்தச் சந்து இல்லாவிட்டால் பின்பக்கத்துக் கழியை வெட்டவே முடியாது. நெருக்கத்தில் பூச்சி குடியேறும், கண்ணுக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்துக்கும் இதுவே பதில். மூங்கில் வேர் புல்வேர். நார்நாராக இருக்கும், மரவேர் போல வருடா வருடம் பருத்து அஸ்திவாரத்தைத் தூக்காது. ஆனால் தூரை மதிலில் ஒட்டி வைத்தால், பெருக்கும் கிழங்கும் கழியும் சேர்ந்து சுவரை நெருக்கத்தான் செய்யும். ஓடும் வகையாக இருந்தால், ஏற்கெனவே உள்ள விரிசலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் குருத்து விடும். ஆகவே அவர் பயப்படுவது முழுக்கத் தவறில்லை. என்ன வகை, எவ்வளவு தள்ளி வைக்கிறீர்கள் என்பதை அவரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஆறும் பாம்பூசாவாக இருந்தால் அவற்றை அப்படியே 80 செ.மீ. முன்னால் இடம் மாற்றலாம். குருத்து வெளிவந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் தொடக் கூடாது; வரும் குருத்து முழுவதும் கருகிப்போகும். பருவத்துக்கு முன்பு, வெயில் தணிந்த நாளில் செய்யுங்கள். மண்கட்டி 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். கழிகளின் நுனியில் மூன்றில் ஒரு பங்கு இலையைக் குறைத்துவிட்டால் வாடல் குறையும் (கிள்ளாதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு, அந்த 2 மீட்டர் கழிகள் எப்படியும் மறைப்பாகப் போவதில்லை). புதுக்குழி தயாரான பின்புதான் பழைய இடத்தில் கடப்பாரையைப் போட வேண்டும். வேர் காற்றில் காய்வதை மூங்கில் தாங்காது.

3 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ஆறுக்கு நடுவே அதே வகையில் ஐந்து கன்று சேர்த்தால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று 11 தூர் வரும். இது போதும், கொஞ்சம் மெதுவாக மூடும். எல்லாம் புதிதாக வைப்பதானால் முதல் கன்று முனையிலிருந்து 60 செ.மீ., பிறகு 1.2 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் 15. இன்னும் நெருக்கினால் ஒரு பருவம் முந்தி அடர்த்தி வரும், உயரம் முந்தாது. ஐந்தாறு வருடத்தில் நெருக்கத்துக்கான வேலையும் இரட்டிப்பாகும். வாங்கும்போது பைக்குள் பாருங்கள், மேலே பார்க்காதீர்கள். நெட்டையான ஒற்றைக் கழி நிற்கும் கன்றைவிட, குட்டையாக ஆறேழு கழியும் மண் மட்டத்தில் வெள்ளை மொட்டும் தெரியும் கன்றே மேல்.

குழி தோண்டுமுன் நீர் வடிகிறதா என்று சோதியுங்கள். 30 செ.மீ. குழியில் நீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்தால் மணிக்கு 2½ செ.மீ.யாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து அதில் நடுங்கள். மூங்கிலுக்கு ஈரம் வேண்டும். கிழங்கு நீரில் ஊறக் கூடாது. 18 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு மண்ணை 30 செ.மீ. கொத்தி, 5 செ.மீ. கனத்துக்கு மட்கிய எரு பரப்பிக் கலந்துவிடுங்கள். சுமார் 900 லிட்டர் எரு பிடிக்கும். குழி மண்கட்டியைப் போல இருமடங்கு அகலம், ஆழம் அதே அளவு. பையில் இருந்த மண் மட்டமே தரைமட்டம். பைக்குள் வேர் சுருண்டு சுற்றியிருந்தால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் நிலத்தில் வைத்தபிறகும் அது பைக்குள் இருப்பதாகவே நினைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நீர், எரு, குருத்துக் காலம்

முதல் இரண்டு வருடத்தில் கன்று கெடுவது பெரும்பாலும் நீரால்தான், குறைவாலும் மிகுதியாலும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தூருக்கு 20 லிட்டர் நிதானமாக இறங்கட்டும். சொட்டுநீர் என்றால் மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் நான்கைத் தூரைச் சுற்றி வட்டமாக வைத்து ஒன்றரை மணிநேரம் விட்டால் 24 லிட்டர். தூர் அகல அகல அந்த வட்டத்தையும் அகலப்படுத்த வேண்டும். எப்போது விடுவது என்று இலையே சொல்லும். நீளவாக்கில் குழல் போலச் சுருண்டால் தாகம். மாலையில் நீர் விட்டால் மறுநாள் விரிந்துவிடும். சுருளாமல் தொங்கி, நுனி பழுத்து மஞ்சளானால் நீர் அதிகம். தொங்குவதைப் பார்த்துத் தாகம் என்று மேலும் ஊற்றுவதுதான் கன்றைக் கொல்லும் பிழை. வருடத்துக்கு ஒருமுறை பழைய இலை பழுத்து உதிரும்போது புதுத்தளிர் கூடவே வந்தால் அது இயல்பு.

உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளாதீர்கள். அதில் சிலிக்கா சத்து உண்டு, அது அந்த மண்ணுக்கே திரும்பட்டும். அதன்மேல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். புல்லுக்குத் தழைச்சத்து எப்படியோ அப்படித்தான் மூங்கிலுக்கும். புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து மிகுந்த உரத்தைக் குருத்துப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பும், பருவத்தின் நடுவிலும் தூரைச் சுற்றித் தூவி நீர் விடுங்கள். நட்ட முதல் மாதம் உரம் வேண்டாம்.

தூர் கட்டும் வெப்பமண்டல மூங்கில்கள் பெரும்பாலும் கோடையின் கடைசியில், மழை பிடித்தபின் குருத்து விடும். அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உயிருள்ள குருத்தின் உறை நுனிகளில் நீர்முத்து நிற்கும். வேர் ஏற்றிய நீர் அது, பனித்துளி அல்ல. முத்து இல்லாமல், உறை மங்கிப் போன குருத்து பெரும்பாலும் அழுகத் தொடங்கியது. எல்லாக் குருத்தும் கழியாவதில்லை. தூர் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் வளர்க்கும், மற்றது நின்றுபோகும். குருத்து இளசாக இருக்கும்போது விரல் தட்டினால்கூட ஒடியும். ஏணி, குழாய், பந்து எதுவும் அந்தப் பக்கம் வர வேண்டாம். ஒடிந்தால் அந்த வருடக் கழி போனது போனதுதான். புதுக்கழி முழு உயரம் எட்டியும் சில காலம் இலையில்லாமல் மொட்டைக் கம்பாக நிற்கும். பட்டுவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்.

இலையின் மேல் வெளிர்ந்த கோடுகோடான புள்ளி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் மூங்கில் சிலந்திப்பேன். அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்சிச் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கழுவினால் கட்டுப்படும். எறும்பு வரிசையாக ஏறினால் கணு உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். அந்த உறைகளை உரித்து அகற்றினால் பாதி வேலை முடிந்தது. சில வகைகளின் உறையில் சுணை இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுவது

மறைப்பு வேண்டிய உயரத்தைத் தாண்டியபின், கிளை விரிந்து முடித்த கழிகளை 4½ மீட்டரில் நறுக்கலாம். கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டுங்கள். கணுவிடையின் நடுவில் வெட்டினால் கிண்ணம் போல நீர் தேங்கி அழுகும், கொசுவும் முட்டையிடும். நறுக்கிய கழி கீழ்க்கிளைகளில் அடர்ந்து கொடுக்கும். மறுபடி உயராது என்பதால் ஒரு கழிக்கு ஒரே முறைதான் இந்த வேலை. அடிக்கிளைகளை மட்டும் சீர்செய்கிறேன் என்று கழிக்காதீர்கள். அந்த இடத்தில் பழைய அடர்த்தி திரும்புவது அரிது.

மூன்றாம் வருடத்திலிருந்து பழங்கழி கழிப்பு தொடங்கும். எது பழையது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். அதனால் ஒவ்வொரு பருவத்திலும் வந்த புதுக்கழிகளின் இரண்டாம் கணுவில் அந்த வருடத்துக்கென்று ஒரு நிறத்தில் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள். நான்கு வருடம் தாண்டியதைத் தரையோடு, முதல் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தெடுங்கள். ஒரு வருடத்தில் தூரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நடுவிலிருந்தும் சந்துப் பக்கத்திலிருந்தும் எடுத்தால் முன்பக்கத்து மறைப்பு குறையாது. புதுக்கழி அத்தனையையும் விட்டுவைத்து நடுவை அடைபடவிட்டால் உள்ளே குருத்துக்கு இடமில்லாமல் நசுங்கும், தூர் வெளிப்பக்கமாகவே பெருத்துச் சந்தை அடைக்கும். அதேபோல் இளங்கழியை வெட்டிப் பழையதை வைப்பதும் தவறு. கிழங்குக்கு அதிகம் ஊட்டுவது ஒன்று இரண்டு வருடத்துக் கழிகள்தான்.

பூப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல மூங்கில்கள் ஆயுளில் ஒருமுறை, ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்து மடிவது உண்மை. மெலோகன்னாவுக்கு அந்த இடைவெளி 48 வருடம் அளவு. ஃபில்லோஸ்டாகிஸ் ரெட்டிகுலாட்டாவுக்கு 120 வருடம் வரை. ஃபார்கீசியா மூரியேலே 1990களில் பல நாட்டுத் தோட்டங்களில் பூத்து மடிந்தது. பாம்பூசா மல்டிபிளெக்ஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூக்கும். பூத்த தூரெல்லாம் சாவதும் இல்லை. இதற்காக நடுவதை நிறுத்த வேண்டாம்.

இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மதிலை ஒட்டிக் கம்பம் நட்டு நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். கன்றின்மேல் வெயில் மறையாதபடி பார்த்துக் கட்டுங்கள். மூங்கிலின் மேலேயே கொடியை ஏற்றிவிடாதீர்கள், இளங்கழி ஒடியும்.

அடுத்த குருத்துப் பருவம் முடிந்ததும் உயரத்தை விட்டுவிட்டு வேறு இரண்டை அளந்து வையுங்கள். ஒரு தூருக்கு எத்தனை புதுக்கழி, அவற்றில் மிகத் தடித்தது தரையை ஒட்டி எத்தனை மி.மீ. போன பருவத்துக் கழியைவிடத் தடித்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அதே தடிமனில் நின்றாலோ மெலிந்தாலோ, நீர் எந்த ஆழம் வரை போகிறது என்று தூருக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். மேலே ஈரமும் அடியில் புழுதியுமாக இருந்தால், நாட்களைக் குறைத்து ஒவ்வொரு முறையும் அதிகமாக விட வேண்டும்.